தகவல் தந்தவர்: மகன்

விடிகாலை மூன்றே முக்கால். கல்குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். தெருவிளக்கு கிடையாது. லாரி ஏறி ஏறி அரைத்த மண்... கணுக்கால் வரைக்கும் மாவு மாதிரிப் புழுதி. அதில் ஒரே ஒரு ஆள் நடந்து போகிறார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே காகிதம். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சரக்... சரக்... என்று தொடையில் உரசுகிறது.

அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது. முப்பத்தொரு வருசம் பாறையில் டிரில் பிடித்தவர். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் பாதி. தனக்குக் கேட்பதற்காகவே கத்திப் பேசுவார். குவாரியில் அவருக்கு வைத்த பேர் டமாரம்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு கிடக்கட்டும், காற்றுதான். இது நம் கம்ப்ரசர் ஆபரேட்டரின் பெரியப்பாவுக்கு நடந்தது. ஆபரேட்டர் கதை விடுகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். ஒண்ணுக்குப் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள். பிறகு தனியாகப் போக மாட்டீர்கள்.

யாரும் எழவில்லையா? சரி.

டமாரத்துக்கு ஒரே மகன். ஒன்பது வருசமாகக் கடல் தாண்டி ஒரு ஐஸ் பிளான்ட்டில் வேலை. நாம் பேர் எழுதுகிற முறை உங்களுக்குத் தெரியும். அப்பன் பேரின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு நம் பேர். அந்தப் புள்ளிக்கு வெளிநாட்டில் மரியாதை கிடையாது. முழுசாக விரித்து எழுது என்பார்கள். ஏஜென்ட் விரித்து எழுதினான். முதல் கட்டத்தில் அப்பன் பேர், இரண்டாவது கட்டத்தில் பையன் பேர். அந்த ஊரில் முதல் கட்டத்தில் இருப்பவன்தான் ஆள்.

ஒருமுறை மகன் ஃபோனில் சொல்லிச் சிரித்தான். "காலைல ஆறு மணிக்கு, சாயந்தரம் ஆறு மணிக்கு, உன் பேரைத்தாம்ப்பா கூப்பிடறாங்க. நான்தான் 'இருக்கேன் சார்'ங்கறேன்."

"என் பேரு நல்லாத்தானே இருக்கு? இங்க எவன் கூப்பிடறான் அதை? அங்கயாவது கூப்பிடட்டும்!" என்று இவரும் கத்திச் சிரித்தார்.

நிஜம்தான். குவாரியில் எல்லாருக்கும் அவர் டமாரம். மருமகளுக்கு மாமா. சொந்தப் பேரை அவரே மறந்துவிட்ட மாதிரிதான். ஒன்பது வருசம், நாளைக்கு இரண்டு தடவை, அந்தப் பேருக்குப் பதில் சொன்னவன் மகன்தான்.

அந்த இருட்டு நடைக்குப் பதினோரு நாளைக்கு முன்னால் அங்கிருந்து ஒரு பையன் ஃபோன் செய்தான். டமாரம் மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தார்.

"ஐயா... அவரு போயிட்டாருங்க."

"யாரு?"

பையன் பேரைச் சொன்னான். டமாரத்தின் பேர்.

"அது நான்தான்யா! நான் இங்க உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்!"

"இல்லங்கய்யா... எங்க ரூம்ல இருந்தவரு. ஐஸ் ரூமுக்குள்ள..."

சிரிக்க வேண்டாம். அந்தப் பையன் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். டமாரம் கையில் பருக்கை காய்ந்து ஒட்டுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து தாள் வந்தது. காரணம், இதயம் நின்றுவிட்டது. எல்லாருக்கும் கடைசியில் அதுதான் நிற்கிறது. ஏன் நின்றது என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மருமகள் நம்பவில்லை.

"அவங்க சொல்றது உங்க பேரத்தானே மாமா? நீங்க உசுரோட இருக்கீங்கல்ல? அப்ப எங்கயோ தப்பு நடந்திருக்கு. அவரு வேற ஷிப்ட்ல இருப்பாரு."

"அவன்தாம்மா."

"முகத்தைக் காட்டுங்க. முகத்தைப் பாக்காம நான் நம்ப மாட்டேன்."

அழவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஸ்விட்ச் ஆஃப் ஆகிக் கிடந்த அவன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி தூக்கத்தில்கூடக் கட்டைவிரல் அசைந்தது.

உடலை அங்கே இருபது நாள்தான் வைத்திருப்பார்கள். அதற்குள் இங்கே சாவைப் பதிந்து காகிதம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அங்கேயே ஒரு நம்பர் கல்லை நட்டுப் புதைத்துவிடுவார்கள். இன்னும் ஒன்பது நாள். அதற்குத்தான் அந்த இருட்டில் நடந்து போனார் டமாரம். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மருமகள் அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்து, வாய் விட்டு அழ வேண்டும்.

அவரோடு முப்பது வருசமாக வெடி வைக்கிற வெடிகாரர், "டேய் டமாரம், நானும் வரேன்டா" என்றார். "ரெண்டு பேரு கூலியும் போகணுமா? நீ வேலையப் பாரு" என்று இவர்தான் தடுத்துவிட்டார்.

அதைத்தான் பிறகு இவர் ரொம்ப நாள் நினைத்து நினைத்து...

சரி, ஆபீஸ். வெளிநாட்டில் செத்தவர்களைப் பதிகிற ஆபீஸ். சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட். இரும்பு நாற்காலிகள், ஒன்றோடு ஒன்று கம்பியில் கோத்தது. ஒருத்தர் எழுந்தால் மூன்று பேர் ஆட வேண்டும். மூன்றாம் நம்பர் கவுன்ட்டரில் ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. வந்த தாளைப் பார்த்தார், மொழிபெயர்ப்பைப் பார்த்தார், டமாரத்தின் அடையாள அட்டையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஏங்க, இறந்தவர் நீங்க. வந்து தகவல் சொல்றதும் நீங்க. இதை நான் எப்படிப் பதியறது?"

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"செத்தது எம்மவன்மா! அவன் பேரு ரெண்டாவது கட்டத்துல இருக்கும்!"

"கத்தாதீங்க."

"நான் கத்தலம்மா! என் குரலே இப்படித்தான்!"

"பாஸ்போர்ட்டுல ரெண்டு கட்டமும் இருக்கு. ஆஸ்பத்திரி குடுத்த தாள்ல முதல் கட்டம் மட்டும்தான் ஏறியிருக்கு. தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் ஏத்த முடியும். செத்தவர் பேரும் தகவல் சொல்றவர் பேரும் ஒண்ணா இருந்தா கம்ப்யூட்டர் எடுக்காது. அங்கயே எழுதிப் போட்டுத் திருத்தி வாங்கிட்டு வாங்க."

"எத்தனை நாளாகும்?"

"மூணு மாசம். நாலு மாசம்கூட ஆகும்."

டமாரம் வெளியே வந்தார். காம்பவுண்ட் சுவரை ஒட்டித் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஜெராக்ஸ் மிஷின். பக்கத்தில் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற ஒரு ஆள். அவனையும் எல்லாரும் ஜெராக்ஸ் என்றே கூப்பிட்டார்கள். டமாரம் அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தார். தெரு முழுக்கக் கேட்டது.

ஜெராக்ஸ் தாளை வாங்கிப் பார்த்தான். பேனாவால் காதைச் சொறிந்துகொண்டான்.

"இவ்வளவுதானா பெரியவரே? இருக்கறது ரெண்டே பேரு. செத்தவர் பேரு உங்க பேரா இருக்கு. அப்பத் தகவல் சொல்றவர் பேரு உங்க பையன் பேரா இருந்துட்டுப் போகட்டும். உறவுமுறைல 'மகன்'னு போடுங்க. கதை முடிஞ்சுது."

"எம்மவன் பேர்ல நான் கையெழுத்துப் போடறதா?"

"பொணம் வரணுமா வேண்டாமா?"

டமாரம் கவருக்குள் கை விட்டுத் தாள்களைப் புரட்டினார்.

"பையன் அட்டை ஜெராக்ஸ் இருக்குல்ல? போதும். கம்ப்யூட்டருக்கு யாரு உசுரோட இருக்கான்னா தெரியப்போகுது?"

மகன் பேரைக் கையெழுத்து மாதிரி ஒரு துண்டுத்தாளில் பெரிதாக எழுதிக் காட்டினான் ஜெராக்ஸ். டமாரத்தின் விரல்கள் டிரில் நடுக்கத்திலேயே முப்பது வருசம் இருந்தவை, பேனா நிற்கவில்லை. ஏழு தடவை எழுதிப் பார்த்தார். எட்டாவது தடவை... விரல் நடுங்கவில்லை. ஒரே இழுப்பு. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டு முடித்தார். ஜெராக்ஸ் எழுதிக் காட்டியதில் அந்தக் கோடு கிடையாது. மகன் போடுவான்.

மறுபடி கவுன்ட்டருக்குப் போனபோது மத்தியானம் ஒன்றே கால். ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் டிபன் டப்பாவைத் திறக்கப் போனவர், ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். தலை நிமிர்ந்தார். எதிரில் நரைத்த தலை, புழுதி அப்பிய புருவம்.

"காலைல வந்தவர்தானே நீங்க?"

டமாரம் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தன்னால் முடிந்த வரைக்கும் குரலைத் தாழ்த்தினார். "மருமக முகத்தைப் பாக்கணுங்கறாம்மா. ஒன்பது நாள்தான் இருக்கு."

அந்த அம்மா டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"கண்ணாடி இல்லாம எனக்கு எதிர்ல இருக்கறவங்க முகம் தெரியாது. நாளைக்கு யாராவது கேட்டா என்னைக் கை காட்டாதீங்க. படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க. தகவல் தருபவர்..." மகன் பேரைப் படித்தார். "நீங்கதானே?"

"நான்தான்."

"உறவுமுறை, மகன்."

"ஆமா."

"இறந்தவர்..." பேரைப் படித்தார்.

"இருக்கேன் சார்."

அந்த அம்மாவின் கை முத்திரைக்கட்டையோடு அப்படியே நின்றது. டமாரம் வாயைத் திறக்கவில்லை. குரல் ஹாலின் பின்பக்கத்திலிருந்து வந்தது. இளம் குரல். தூக்கக் கலக்கத்தில், அவசரமாக, விட்டுப்போய்விடுமோ என்கிற மாதிரி... கவுன்ட்டரில் இருப்பது ஒரு பெண். அது 'சார்' என்றது.

"யாருங்க அங்க?"

நாற்காலிகள் காலி. ஆனால் கடைசி வரிசை இரும்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து நின்ற மாதிரி. கிறீச்... கிறீச்... பிறகு அதுவும் நின்றது. மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி வந்தது. ஐஸ் பிளான்ட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அமோனியா... கண்ணில் நீர் முட்டும்.

அந்த அம்மா இன்னொரு தடவை படித்தார், இந்தத் தடவை முணுமுணுப்பாக.

"இருக்கேன் சார்."

இப்போது கிட்டத்தில். டமாரத்தின் தோளுக்குப் பின்னால். அவர் இடது காதில் கேட்டது. சொன்னேனே, செத்துப்போன காது. டைனமைட் வெடித்தாலும் கேட்காத காது. அதில் ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது.

மூன்றாவது தடவை அந்த அம்மா படிக்கவில்லை. டக் டக்கென்று முத்திரையைக் குத்தித் தாளைத் தள்ளிவிட்டார். "போங்க. போயிடுங்க." டிபன் டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் கேட்டாள். "பதிஞ்சாச்சா மாமா?"

"ம்."

"யாரு பேர்ல?"

காது கேட்காதது அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்கு உதவியது.

எட்டாம் நாள் பெட்டி வந்தது. சரக்குக் கிடங்கில் போய் எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டி, மிஷின் பாகம், டயர், அதற்கு நடுவில் இதுவும். கிடங்கு ஆள் தாளைப் பார்த்தான்.

"அப்பாவாங்க?"

இல்லை என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். "ஆமா" என்றார்.

"வயசானவரா?"

"ஆமா."

"நல்லா வாழ்ந்து முடிச்சவருன்னா மனசைத் தேத்திக்கலாம். இங்க ஒரு கையெழுத்து."

போட்டார். கீழே அந்தச் சின்னக் கோட்டோடு.

வீட்டு வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள். குவாரி அன்றைக்கு லீவு. வெடிகாரர் முன்னால் நின்றார். பெட்டியை இறக்கி, ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பன்னிரண்டு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கியதும் புகை மாதிரிக் குளிர் கிளம்பிக் காலடியில் படர்ந்தது. பின்னாலேயே அந்த நெடி.

டமாரம் பார்த்தார். மகன்தான். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. புருவத்தில் ஐஸ் துகள். வாய் லேசாகத் திறந்து, கூப்பிட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்கிற மாதிரி. சந்தேகமே இல்லை. அவனேதான்.

மருமகள் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்துக்கு மேலே முகம். அவள் மூச்சுக்காற்றில் அந்த ஐஸ் துகள் கரைந்து ஒரு சொட்டாக இறங்கியது.

"மாமா..." என்றாள்.

"சொல்லும்மா" என்றார் டமாரம்.

அவள் திரும்பவில்லை.

"மாமா... நேத்துக்கூட என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்களே மாமா... எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே..."

பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது நாள் அடைத்து வைத்திருந்த அழுகை பீறிட்டது. மார்பில் அடித்துக்கொண்டு, தரையில் புரண்டு... டமாரம் ஆசைப்பட்ட அதே அழுகை. பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக அவரிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"என்னங்க... உங்க அப்பாவைக் கடைசியா ஒரு தடவை நல்லாப் பாத்துக்கங்க."

டமாரம் கையை உருவிக்கொண்டார். சுற்றிப் பார்த்தார். நாற்பது முகம். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. வெடிகாரர் தலைத்துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டு பெட்டியைப் பார்த்து விம்மினார். "டேய் டமாரம்... எனக்கு முன்னாடி போயிட்டியேடா..."

"யோவ்! டமாரம் நான்தான்யா! என்னைப் பாருய்யா!"

கத்தத்தான் கத்தினார். ஆனால் அந்தப் பழைய சத்தம் வரவில்லை. முப்பது வருசத்தில் முதல் தடவையாக அவர் குரல் மெதுவாக, எல்லாரையும் போல வந்தது.

வெடிகாரர் அவர் தோளை அணைத்துக்கொண்டார். டமாரத்தைவிட ரெண்டு வயசு சின்னவர். "தம்பி... அப்பா போன துக்கத்துல உளறாதப்பா. தைரியமா இரு. நாங்கல்லாம் இருக்கோம்ல?"

டமாரம் கவரைக் கிழித்து ஆபீஸ் தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். வெடிகாரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"சரியாத்தானே தம்பி போட்டிருக்கு? செத்தது அப்பா. தகவல் தந்தது மகன். கீழ உன் கையெழுத்து."

மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் டமாரத்தைப் பற்றித்தான் பேச்சு. நல்ல உழைப்பாளி, கத்திக் கத்திப் பேசுவான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான். பெட்டியில் கிடந்த மகனுக்காக, அந்த முப்பத்து நாலு வயசுக்காரனுக்காக, ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவனைத் தெரிந்த அத்தனை பேரும் மண் தள்ளினார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. அழ வேண்டிய ஒரே ஆளைப் பிடித்து "தேத்திக்க, தேத்திக்க" என்று அழ விடாமல் செய்தார்கள்.

திரும்பி வந்து குளித்து முடித்தபோது மத்தியானம் ரெண்டு. மருமகள் சாப்பிட்டாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டு, நிதானமாக, விரலைச் சூப்பிச் சாப்பிட்டாள். முகம் தெளிந்திருந்தது.

"என்னவோ போங்க. அங்கேருந்து உங்களைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க. பைத்தியம் புடிக்கற மாதிரி ஆயிடுச்சு. மாமா போனது போயிட்டாரு... நீங்க உசுரோட வந்ததே எனக்குப் போதும்." அவர் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள். "இனிமே அங்க போக வேண்டாங்க."

டமாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. கொளுத்துகிற வெயிலில், புழுதியில், புதைத்த இடத்துக்கு ஓடினார். அங்கே யாரும் இல்லை. ஈர மண், மேலே நாலு கல், மண்வெட்டி வைத்த தடம். மண்டியிட்டார்.

ஒன்று நினைவுக்கு வந்தது. செய்தி வந்த நாளிலிருந்து மகனை அவன் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லை. இவரும்தான். எழுதியிருக்கிறார். யாரோ படித்தபோது 'நான்தான்' என்றிருக்கிறார். கூப்பிட்டதில்லை. ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், அவன் யாரென்று அவனுக்காவது தெரிந்துவிடும் என்று தோன்றியது.

மண்ணில் இரண்டு கையையும் ஊன்றினார். மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்னப்பா?"

பதில் உடனே வந்தது. அவனுடைய குரல்தான். மண்ணுக்குள் இருந்து வரவில்லை.

அவர் வாயிலிருந்து வந்தது.